பதினெட்டு வயதுக்குள் ஒரு கழுகுப் பதக்கம்



1912ஆம் ஆண்டு. அமெரிக்காவில் சாரணர் இயக்கம் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் எல்ட்ரெட் என்ற பையன், சாரணர் கையேடு கேட்ட 21 திறன் பேட்ஜுகளையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அதற்கு முன் யாரும் அதைச் செய்து முடித்ததில்லை. எர்னஸ்ட் தாம்ப்ஸன் சீட்டன், டேனியல் கார்ட்டர் பியர்ட், ஜேம்ஸ் வெஸ்ட் என்று இயக்கத்தின் தலைமையில் இருந்தவர்களே உட்கார்ந்து அவனை விசாரித்தார்கள். பையன் தேறினான். முதல் 'ஈகிள் ஸ்கவுட்', அதாவது முதல் கழுகுச் சாரணன், அவன்தான். பதக்கம் அப்போது தயாராகவே இல்லை, பொறுத்திருந்துதான் வாங்கிக்கொண்டான்.

அன்று தொடங்கி இன்றுவரை 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பதக்கத்தைப் பெற்றிருக்கிறார்கள். நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் ஒரு கழுகுச் சாரணர். அதிபராக இருந்த ஜெரால்ட் ஃபோர்டும் அப்படியே.

நான் பள்ளியில் சாரண ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் பிள்ளைகளை ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது ஆகிய சாரணர் விருதுகளுக்குத் தயார் செய்வதில் என் சனி, ஞாயிறுகள் போயின. அதனால் வேறு நாட்டில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் எனக்கு எப்போதும் அக்கறை உண்டு. நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர்கள் பையன் இந்தப் பதக்கத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தான். கூடவே இருந்து பார்த்தேன். பார்த்ததையும் படித்ததையும் வைத்து இன்று பேசுகிறேன்.

முதலில் படிக்கட்டைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கவுட், டெண்டர்ஃபூட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப், அதற்கும் மேலே ஈகிள். மொத்தம் ஏழு. ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தபின் ஸ்டாருக்கு நான்கு மாதம், ஸ்டாரிலிருந்து லைஃபுக்கு ஆறு மாதம், லைஃபிலிருந்து ஈகிளுக்கு இன்னொரு ஆறு மாதம் சாரணர் படையில் முனைப்பாக இருந்தாக வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் இந்தப் பதினாறு மாதத்தைக் குறைக்க முடியாது. மறுபுறம், எல்லா வேலையும் 18ஆவது பிறந்தநாளுக்குள் முடிய வேண்டும். கடைசியாக நடக்கும் நேர்காணல் மட்டும் அதன் பிறகு இருக்கலாம்.

அந்த இயக்கத்தின் விதிகளில் ஒன்றைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. எழுதி வைத்த தகுதிகளோடு எதையும் கூட்டவோ, அவற்றில் எதையும் குறைக்கவோ எவருக்கும் அதிகாரம் இல்லை என்கிறது அது. ஸ்கவுட் மாஸ்டருக்கும் இல்லை, மாவட்டக் குழுவுக்கும் இல்லை. 'எங்கள் படையில் இன்னும் கொஞ்சம் கடுமையாக வைத்திருக்கிறோம்' என்று பெருமையாகக்கூடச் சொல்ல முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அளவு, மற்றவனுக்கு ஒரு அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மட்டும், சில பேட்ஜுகளுக்குப் பதில் வேறு பேட்ஜ் எடுக்கவும், தேவைப்பட்டால் வயது கடந்து தொடரவும் விதியிலேயே வழி செய்திருக்கிறார்கள். சலுகை என்று யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. முறைப்படி விண்ணப்பித்தால் போதும்.

இனி பேட்ஜுகள். 130க்கு மேல் இருப்பவற்றில் 21 வேண்டும். அதில் பெரும்பாலானவை கட்டாயம். முதலுதவி, முகாம் வாழ்க்கை, சமையல், குடிமைப் பொறுப்பு என்று போகும் அந்தப் பட்டியலை முழுதும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பண நிர்வாகம். பதின்மூன்று வாரம் வரவு செலவுக் கணக்கு எழுத வேண்டும். கையில் வந்தது என்ன, போட்ட திட்டம் என்ன, உண்மையில் செலவானது என்ன என்று வாராவாரம் பார்க்க வேண்டும். இரண்டு, குடும்ப வாழ்க்கை. வீட்டு வேலைகளில் ஐந்தையாவது தன் பொறுப்பாக எழுதிக்கொண்டு 90 நாள் செய்து குறித்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பையன் அதில் பாத்திரம் துலக்குவதைச் சேர்த்திருந்தான். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்தத் தாளை ஒட்டியிருந்தார்கள். மூன்று, தகவல் தொடர்பு. நகர மன்றம், பள்ளி வாரியம் போன்ற ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போய், ஒரே விஷயத்தில் ஆளுக்கொரு கருத்துச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் அறிக்கை எழுத வேண்டும். பதினைந்து வயதில் இந்த மூன்றையும் செய்து முடித்த பிள்ளையைக் கல்லூரி விடுதிக்கு அனுப்ப எந்தத் தாயும் கவலைப்பட மாட்டாள்.

பேட்ஜுக்கு என்று ஒரு நீல அட்டை உண்டு. பல படைகளில் இன்னும் புழங்குகிறது. மூன்றாகக் கிழித்து, ஒரு துண்டு படைக்கு, ஒன்று பேட்ஜ் ஆலோசகருக்கு, ஒன்று பிள்ளைக்கு. இதில் எனக்குப் பிடித்தது, அந்த ஆலோசகரோடு தொடர்பு கொள்ள வேண்டியது பிள்ளையின் வேலை என்பது. முன்பின் தெரியாத ஒரு பெரியவரை அழைத்து, 'வணக்கம், நான் இன்னார், உங்களிடம் முதலுதவி பேட்ஜ் முடிக்க விரும்புகிறேன், எப்போது வரலாம்?' என்று கேட்பதற்குள் அந்தப் பையனுக்கு வியர்த்துவிட்டது. அம்மா பேசித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று அவனே தலையாட்டினான்.

அடுத்ததுதான் இந்தப் பதக்கத்தின் உயிர்நாடி: சேவைத் திட்டம். இது முதலிலிருந்தே இருந்ததல்ல, 1965இல் வந்தது. ஒரு வழிபாட்டு நிறுவனத்துக்கோ, பள்ளிக்கோ, ஊருக்கோ பயன்படும் ஒரு வேலையைச் சாரணன் திட்டமிட்டு, மற்றவர்களுக்குத் தலைமை தாங்கி நடத்தி முடிக்க வேண்டும். சாரணர் இயக்கத்துக்கே செய்துகொள்வது கூடாது. வணிக நிறுவனத்துக்கும் கூடாது. இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. தலைமை தாங்கினானா என்பதுதான் கேள்வி.

எங்கள் பையன் எடுத்துக்கொண்டது, நகராட்சி நடத்தும் முதியோர் மையத்தில் காய்கறி, பூச்செடி வளர்க்க மரத்தொட்டிகள். குனிய முடியாதவர்களும் தோட்டம் போடலாம் என்ற எண்ணம். ஆனால் எண்ணம் வந்தவுடன் மரம் வாங்கிவிட முடியாது. திட்டத்தை எழுதி, பயனடையும் மையம், ஸ்கவுட் மாஸ்டர், படைக் குழு, மாவட்டம் என்று நான்கு கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஒரு ஆணியைத் தொடலாம்.

இவ்வளவு தாள் எதற்கு என்று நானும் கேட்டேன். விடை அந்த மையத்திலேயே கிடைத்தது. அவன் வரைந்திருந்தது தரையிலிருந்து எழும்பும் பெட்டி. படத்தைக் காட்டப் போனபோது, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டி, அதே உயரத்தில் இருந்த ஒரு அலமாரிப் பக்கம் வண்டியை உருட்டிப் போய் நிறுத்தினார். முழங்கால் பலகையில் முட்டியது. கை மண் இருக்க வேண்டிய இடம்வரை போகவில்லை. பையன் படத்தையும் பார்த்தான், அவர் முழங்காலையும் பார்த்தான். டேப்பை எடுத்து, தரைக்கும் அவர் முழங்காலுக்கும் இடையே அளந்து குறித்துக்கொண்டான். பெட்டிக்குக் கால்கள் வந்தன. அடியில் வண்டி நுழைய இடம் வந்தது. மரம் வாங்கிய பிறகு இது தெரிந்திருந்தால் பணமும் போயிருக்கும், உற்சாகமும் போயிருக்கும்.

வேலை நாள் அன்று நானும் போயிருந்தேன். படையின் சிறு பிள்ளைகள், சில பெற்றோர்கள், இரண்டு பள்ளித் தோழர்கள். பையனுக்குத் தச்சு வேலை நன்றாக வரும். அப்பாவோடு சேர்ந்து கொட்டகையே போட்டவன். அன்றைக்கு அவன் கையில் இருந்ததோ ஒரு அட்டையும் பேனாவும்தான். யார் எந்தப் பலகை, யார் மண் சுமப்பது, யார் பெயர் எழுதி நேரம் குறிப்பது என்று பிரித்துக் கொடுத்தான். பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் திருகாணியை நேரே மரத்தில் முடுக்கிக்கொண்டிருந்தான். கோணலாகப் போய்ப் பலகையின் ஓரம் விரிந்தது. எங்கள் பையனின் அப்பா தன்னை அறியாமல் எழுந்தார், வாங்கி முடித்துக் கொடுக்க. ஸ்கவுட் மாஸ்டர் அவர் தோளில் மெல்லக் கை வைத்தார், அவ்வளவுதான். பையன் அந்தச் சிறுவன் பக்கத்தில் மண்டியிட்டு, முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு முடுக்கினால் மரம் வெடிக்காது என்று ஒன்றைச் செய்து காட்டி, துளைக்கருவியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அடுத்த மூன்றும் நேராக இறங்கின.

தானே செய்தால் அரை மணியில் முடிகிற வேலையை, தெரியாதவனைக் கொண்டு செய்விக்கப் பொறுமை வேண்டும். பெரியவர்களான நமக்கே அது வராது. பதினேழு வயதில் அதைப் பழக்குகிற ஒரு தகுதி இந்தப் பட்டியலில் இருக்கிறதே, அதற்காகவே இதைப் பாராட்டுவேன்.

பிறகு ஸ்கவுட் மாஸ்டரோடு நீண்ட உரையாடல், விண்ணப்பம். வாழ்க்கையில் என்ன செய்ய விரும்புகிறேன் என்று தன் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். கடைசியில் மூன்று முதல் ஆறு பெரியவர்கள் கொண்ட குழு முன் நேர்காணல். பெற்றோரும் சொந்த ஸ்கவுட் மாஸ்டரும் அந்தக் குழுவில் உறுப்பினராக இருக்க முடியாது. முடிச்சுப் போடு, திசைகாட்டி பார் என்று மறுபடி தேர்வு வைக்கக் கூடாது. பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

இந்த இயக்கத்தின் வரலாற்றில் இருண்ட பக்கமும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். பல பத்தாண்டுகளில் நடந்த பாலியல் கொடுமைகளுக்காக 80,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டார்கள். 2020இல் அமைப்பு திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. பெரியவர் ஒருவர் பிள்ளை ஒருவரோடு தனியாக இருக்கக் கூடாது என்பது இன்று அங்கே கட்டாயம். நீல அட்டையோடு ஆலோசகரைப் பார்க்கப் போகும்போதும் இன்னொருவர் உடன் இருந்தாக வேண்டும். நம் படைகள் ஒவ்வொன்றிலும் இந்த விதி எழுத்தில் இருக்க வேண்டும், நடைமுறையிலும் இருக்க வேண்டும்.

நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2019இல் பெண் பிள்ளைகளுக்கும் இந்தப் படிக்கட்டு திறந்தது. 2021இல் முதல் அணிப் பெண்கள் கழுகுச் சாரணர் ஆனார்கள். 2025இல் அமைப்பின் பெயரே 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று மாறியது.

கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவும், ராணுவத்தில் சேர்ந்தால் தொடக்கத்திலேயே ஒரு படி மேலே வைப்பார்கள் என்று சில பெற்றோர்கள் இதன் பின்னால் ஓடுவதும் உண்டு. இங்கேயும் ரயில்வே வேலையில் சாரணர் ஒதுக்கீட்டுக்காக ராஷ்டிரபதி விருதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்காகப் படிப்பது தவறில்லை. இதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோரே திட்டம் எழுதி, பெற்றோரே ஆள் பிடித்து, பிள்ளை கையெழுத்து மட்டும் போட்டால், விருது வந்தும் பிள்ளைக்கு ஒன்றும் வந்து சேராது.

சாரணியம் நமக்குப் புதிதல்ல. 1916இலேயே அன்னி பெசன்ட் அம்மையார் இதே சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்காகச் சாரணர் சங்கம் தொடங்கினார். 1950இல் பாரத சாரணர் அமைப்பு உருவாயிற்று. பிரவேஷ் என்ற நுழைவு நிலையில் தொடங்கி, சோபான் எனப்படும் மூன்று படிகள், ஆளுநர் கையால் ராஜ்ய புரஸ்கார், உச்சியில் ராஷ்டிரபதி விருது என்று நமக்கும் முழுப் படிக்கட்டு இருக்கிறது. முகாமில் நம் பிள்ளைகள் காட்டும் ஒழுங்கும் துடிப்பும் எவருக்கும் குறைந்ததில்லை.

சாரண ஆசிரியர்களாக இருக்கும் என் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சேவைப் பணியை நீங்கள் முடிவு செய்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள். எந்த இடம், யாருக்கு உதவும், அங்கே இருப்பவர்களைக் கேட்டாயிற்றா, எவ்வளவு செலவு, யார் எதைச் செய்வது என்று அவர்களே எழுதிக் கொண்டுவரட்டும். குறை இருந்தால் திருப்பிக் கொடுங்கள், மறுபடி எழுதட்டும். தலைமை ஆசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் அனுமதி கேட்க அவர்களே போகட்டும், நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.