பொம்மைக் கடையும் புத்தக அடுக்கும்



மயிலாப்பூரில், ரானடே நூலகத்தின் சீனிவாச சாஸ்திரி அரங்கில், இத்தனை மூத்த நூலகர்கள் முன்னிலையில் தலைமையுரை ஆற்ற என்னை அழைத்ததைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். அதற்குத் தகப் பேச வேண்டுமே என்ற பதற்றமும் இருக்கிறது. ‘நூலகப் பணியில் நுழைவும் வளர்ச்சியும்’ என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். கல்வித் தகுதி, பதவி உயர்வு, மின்னூலகத் திறன் இவற்றையெல்லாம் பிற்பகல் கட்டுரைகள் விரிவாகப் பேச இருக்கின்றன. நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கேள்விதான்: நூலகர் எங்கே உருவாகிறார்?

இதற்கு நம் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. லண்டன் செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ பொம்மையைச் செய்துகாட்டுவதைக் கண்டார் எஸ். ஆர். ரங்கநாதன். அதே சில துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் வேறு வேறு உருவங்கள் கிடைத்தன. நூல்களைப் பொருள்வாரியாக வகுக்கும் அவருடைய கோலன் பகுப்பு முறை அங்கே பிறந்தது. கதை பொய்யன்று, ரங்கநாதனே சொன்னதுதான். ஆனால் என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முந்தைய கருத்தரங்கு ஒன்றில் இதை வைத்தே, நூலகவியல் மேதைமையால் வளர்வது, அடுக்குகளுக்கிடையே ஆண்டுக்கணக்கில் நடப்பதால் வளர்வதன்று என்று வாதிட்டார். அவருடைய புலமையின்மேல் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. அன்று நேரமின்மையால் சொல்லாமல் விட்ட மறுப்பை இன்று சொல்ல அனுமதிக்க வேண்டும்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற ரங்கநாதன், மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியர். நேர்காணலுக்கு முன் அவர் படித்திருந்த நூலகவியல், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக் கட்டுரை ஒன்றுதான் என்பர். வேலைக்கு வந்த சில நாட்களிலேயே தனிமை பொறுக்காமல் கல்லூரிக்குத் திரும்ப வழி கேட்டார். இங்கிலாந்தில் பயின்று வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பழைய வேலைக்கே வரலாம் என்ற உறுதியின் பேரில்தான் கப்பலேறினார். புதிதாக வேலைக்கு வந்து, தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தவிக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஹெரால்டு ஆஃப் லைப்ரரி சயின்ஸ்’ இதழில் 1963 முதல் அவர் தொடராகத் தம் நினைவுகளை எழுதினார். ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று கோலன் பகுப்பின் அடிப்படைக் கூறுகளைத் தடையின்றி ஒப்பிக்கும் நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தொடரைப் படிக்கக் கொடுத்திருக்கிறோம்?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்குப் பகுப்பியல் கற்பித்த பெர்விக் சேயர்ஸ், குராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகர். அடுக்கையும் கவனித்துக்கொண்டு பாடமும் சொன்ன மனிதர். மாணவர் வகுப்போடு நின்றுவிட அவர் விடவில்லை. ரங்கநாதன் குராய்டனில் வேலை பழகினார், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சென்று பார்த்தார். டியூயி பகுப்பு முறையில் புதிய பாடப்பொருள்கள் இடம் கிடைக்காமல் திணறுவதைக் கண்டு ஏற்கெனவே குழம்பியிருந்த கண்கள்தாம் அந்தப் பொம்மையைப் பார்த்தன. கடையில் அன்று வேடிக்கை பார்த்த மற்றவர்களுக்குப் பொம்மை பொம்மையாகவே இருந்தது.

அவர் திரும்பி வந்தது 1925இல். கோலன் பகுப்பு நூல் வெளிவந்தது 1933இல். நடுவிலுள்ள எட்டு ஆண்டுகளை நண்பர் எந்தக் கணக்கில் வைக்கிறார்? பல்கலைக்கழக நூல்களைத் தம் முறைப்படி பகுத்து, திருத்தி, மறுபடி பகுத்த ஆண்டுகள் அவை. அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளின் கதையும் இதுவே. 1928இல் விதிகளுக்குச் சொல் வடிவம் கிடைக்காமல் திண்டாடியபோது, கிறித்துவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ்தான் முதல் விதியை எடுத்துக்கொடுத்தார். நான்கு ஆண்டு வாசகர்களோடு பழகிய அனுபவம் மாணவரிடம் திரண்டிருந்ததால் ஆசிரியரின் ஒரு சொல் போதுமானதாயிற்று.

சென்னை நூலகச் சங்கம் 1929இல் தொடங்கிய பயிற்சி, கோடைப் பள்ளியாக அமைந்ததையும் நினைவூட்டுகிறேன். 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. வேலையில் இருப்பவர்கள் விடுமுறையில் வந்து கற்கத் தக்க அமைப்பு அது. வேலைக்கும் படிப்புக்கும் நடுவே இருந்த அந்தக் கதவை நாம் பிறகு சாத்திவிட்டோம். இன்று முதுகலைப் பட்டத்தோடு வரும் பெண்ணை முதல் நாளே கணினி முன் அமர்த்தி, ‘பழைய பதிவுகளை ஏற்றம்மா’ என்கிறோம். அவளிடம் கேள்வி கேட்க ஒரு வாசகரும் வருவதில்லை. மென்பொருள் இருக்கப் பகுப்பு எதற்கு என்று சொல்லும் நண்பர்களுக்கும் என் பதில் இதுதான்: தேடுபெட்டியில் தட்டத் தெரியாமல் நிற்கும் வாசகருக்கு எதிரே ஒரு மாதம் உட்கார்ந்து பாருங்கள்.

ஆகவே இந்த அவையின்முன் ஒரு முன்மொழிவை வைக்கிறேன். தென்சென்னைக்கு வாய்த்த செல்வம் எளிதில் அமைவதன்று. 1886இல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், இவை எல்லாமே பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. பட்டம் பெற்றவர் ஓராண்டு இவற்றில் சுற்றிப் பழகட்டும். சுவடியைக் கையில் எடுக்கவும், நைந்த தாளை நுண்படம் எடுப்பதற்குச் சீராக்கவும், கோட்டூர்புரத்துப் பிரெயில் பிரிவில் பார்வையற்ற மாணவர் கேட்பதைத் தேடித் தரவும் கற்கட்டும். மூன்று மாதமாவது தி.நகரில் ஒரு கிளை நூலகத்தில் இருக்கட்டும். காலையில் நாளிதழுக்கு வரும் முதியவரையும் பிற்பகலில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருபவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் கலையை அங்கேதான் கற்க முடியும்.

இந்த ஓராண்டுக்கு உதவித்தொகை தர வேண்டும். ஊதியமில்லா உழைப்பாக இதைக் கேட்பது நியாயமன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் முதல் நம் மக்கள் நூலக வரி செலுத்தி வருகிறார்கள். அதில் ஒரு பங்கை நாளைய நூலகரைப் பயிற்றுவதற்கு ஒதுக்கக் கோரும் தீர்மானத்தை மாலை அமர்வுக்குள் வரைந்து தருமாறு, நான் மறுத்துப் பேசிய நண்பரையே கேட்டுக்கொள்கிறேன். அவருடைய எழுத்தின் தெளிவு இந்தத் தீர்மானத்துக்கு வேண்டும்.