சர்வர் சுந்தரமும் நாமும்

(வியாசர்பாடியில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து எல்லோரையும் "எப்படிடா இருக்கே?" என்று விசாரித்தேன். மணலியில் ஷிப்டு பார்க்கிறவனும் சரி, துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவனும் சரி, "ஏதோ ஓடுது" என்றுதான் சொன்னார்கள். ஓரிருவர் "வேலையை விட்டுடலாமான்னு இருக்கு" என்றார்கள். அவர்களுக்காக இரண்டு சினிமாக் கதை சொல்கிறேன்.

1951-ல் இங்கிலாந்தில் வந்த நகைச்சுவைப் படம் 'தி லாவண்டர் ஹில் மாப்'. அதில் அலெக் கின்னஸ் ஒரு பேங்க் குமாஸ்தா. வருஷக்கணக்காகத் தங்கக் கட்டிகளோடு வேனில் போய்வருவதே வேலை. கடைசியில் அந்தத் தங்கத்தையே அடித்து, ஈபிள் கோபுர பொம்மைகளாக வார்த்துப் பாரிசுக்குக் கடத்துகிறார். ஒரு வருஷம் ராஜபோகம். முடிவில் கையில் விலங்கு!

1964-ல் நம்ம 'சர்வர் சுந்தரம்'. கிருஷ்ணன்–பஞ்சு டைரக்‌ஷன். ஓட்டல் சர்வராக இருந்த நாகேஷ் சினிமா நட்சத்திரமாகிறார். ஆனால் ஆசைப்பட்ட பெண் நண்பனை விரும்புகிறாள். அம்மாவும் போய்விடுகிறாள். பேரும் பணமும் இருந்தும் மறுபடி சர்வர் உடுப்பையே மாட்டிக்கொள்கிறார்.

இரண்டு பேருமே ஒரேயடியாகத் தாவினார்கள். தாவின இடத்தில் நிம்மதி நிற்கவில்லை.

ஆனால் சுந்தரம் கதையை எழுதியவரைப் பாருங்கள். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் ஊழியர். பகலில் பைல், சாயங்காலம் நாடகம். 'சர்வர் சுந்தரம்' முதலில் மேடை நாடகம்தான். நாகேஷும் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். ரயில்வேக்காரர்கள் போட்ட நாடகத்தில் வயிற்றுவலி நோயாளியாகச் சின்ன வேஷம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அவரைப் பாராட்டினார். இருவரும் முதல் கைதட்டலை வாங்கியது வேலையில் இருக்கும்போதுதான்.

வீட்டுக் கடன், பிள்ளைகள் பீஸ் என்று இருக்கிறவனிடம் "ராஜினாமா பண்ணு" என்று சொல்ல எனக்கு மனம் வராது. "பல்லைக் கடிச்சிட்டு இரு" என்று சொல்லவும் வராது. வாரத்தில் ஒரு சாயங்காலத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பில் அரை மணி நேர நாடகம் ஒன்றை நாமே போடுவோம். நைட் ஷிப்டு முடித்துத் தூக்கக் கண்ணோடு வருகிறவனுக்கும் ஒரு வேஷம் கண்டிப்பாக உண்டு. வயிற்றுவலிக்காரன் வேஷம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது!