கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் பேசியது)



எங்கள் மகளுக்கு மூன்று வயது. பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. கைக்குழந்தையில் பால் குடிக்கும்போதே வியர்க்கும், மூச்சு வாங்கும். சளிதான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். நிறை ஏறாததைப் பதிவேட்டில் கண்டு மருத்துவமாதுதான் எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

இப்போது கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டுகிறோம். அங்கே வைத்தியம் இலவசம். ஆனால் போய்வர இரண்டு நாள் பேர் போய்விடும். பஸ் செலவு, சாப்பாடு வேறு. ஒருமுறை சம்பளத்தை நினைத்துக் கிளினிக்குக்குப் போகவில்லை. மருந்து முடிந்தது. பிள்ளைக்கு மூச்சு முட்டி, இராத்திரியில் கொழுந்து லொறியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தப் பயம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

லயத்துச் சனம்தான் மூத்தவனுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டது. அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் அயலவர் அன்பு செக்ரோலில் ஏறாது.

ஆகவே சங்கத்திடம் கேட்கிறோம்: கிளினிக் அட்டையைக் காட்டினால் அந்த நாளுக்கும் பேர் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் பேசுங்கள்.

தாய்மாரே, பால் குடிக்கையில் பிள்ளைக்கு வியர்த்தாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்க வேண்டாம். உடனே காட்டுங்கள்.

மகளின் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. இந்த முறை தவறவிட மாட்டோம்.