வீட்டுக்கு ஒரு பரீட்சை



மாணவர்கள் பரீட்சை எழுதுவார்கள். வீடு பரீட்சை எழுதுமா?

2002-ஆம் ஆண்டு எழுதியது. அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டன். அங்கே ஒரு பெரிய புல்வெளி. 14 குழு மாணவர்கள் அங்கே சிறு வீடுகளைக் கட்டினார்கள். வெளியிலிருந்து மின்கம்பி கிடையாது. வெயிலிலிருந்து எடுக்கும் மின்சாரம் மட்டும்தான்.

படம் வரைந்து காட்டினால் போதாது. விளக்கு எரிய வேண்டும். வெந்நீர் வர வேண்டும். வீட்டுக்குள் புழுக்கம் கூடாது. மின்சாரக் காரையும் ஓட்ட வேண்டும். இப்படிப் பத்துச் சோதனைகள். கருவி வைத்து அளந்தார்கள். மேகம் மூடினால் என்ன செய்வது? சேர்த்து வைத்த மின்சாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். மாதக் கடைசியில் அரிசி அளப்பது போலத்தான்!

2014-இல் பிரான்ஸ் நாட்டில் இந்தப் போட்டி நடந்தது. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்களும் போனார்கள். குழுவின் பெயர் 'சூன்யா'. பில்லி சூனியம் அல்ல, பூஜ்யம்! தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுக்கும் வீட்டுக்குப் பொருத்தமான பெயர்.

2020-இல் இந்தியாவிலேயே போட்டி தொடங்கியது. அதில் ஒரு பிரிவுதான் முக்கியமானது. கட்டட வேலை செய்யும் தொழிலாளர்கள் வேலை நடக்கும் இடத்திலேயே தங்குவதற்கான வீடு.

மாடி மாடியாகக் கட்டுகிறவர்கள் படுப்பது பெரும்பாலும் தகரக் கொட்டகையில். தகரம் சீக்கிரம் காயும். சூடு நேரே கீழே இறங்கும். மின்விசிறி போட்டாலும் அனல் காற்றுதான் வரும். முதலில் கூரையைக் கவனிக்க வேண்டும். கூரைக்கு வெள்ளை பூசலாம். மேலே இன்னொரு கூரை போட்டு, நடுவே காற்றுப் போக வழி விடலாம். அப்போது மின்சாரமே இல்லாமல் சூடு குறையும். பிள்ளைகள் இரவில் தூங்குவார்கள்.