மரதனுக்கு முந்திய ஏழு நாள்

(தோட்டச் சனசமூக மண்டபத்தில் இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான தாய்மாரே, தகப்பன்மாரே, மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓடப் போகும் தம்பி தங்கைமாரே,

மரதன் ஓட்டம் என்றால் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் இது. 1921இல் இதுவே நிரந்தரக் கணக்காயிற்று. இது எவ்வளவு தூரம் என்று விளங்க வேண்டுமானால், மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி வழியாகக் கல்முனை வரைக்கும் போகும் வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அவ்வளவு தூரம்.

அந்த வீதிக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மலை ஏறி இறங்கிப் பழகிய நம்ம பிள்ளைகள் அதைப் பார்த்ததும், "சமதரைதானே, பறந்திடலாம்" என்று நினைப்பார்கள். மலைநாட்டுக் கால்களுக்கு அங்கே எதிரி தரை இல்லை, வெயிலும் புழுக்கமும்தான். அதனால் இந்தக் கடைசி வாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் ஓடுகிற ஓட்டத்தால் புதிதாகப் பலம் வராது. இன்று செய்யும் பயிற்சியின் பலன் உடம்பில் சேர பத்து நாளாவது வேண்டும். பல மாதம் பழகி வந்தவர்களுக்குத்தான் இந்த வாரம். இதில் சேர்க்க ஒன்றுமில்லை. சேர்த்ததைக் காப்பாற்றுவதே வேலை. "விட்ட பயிற்சியை இப்போது பிடிக்கிறேன்" என்று ஓடுகிறவர், ஓட்டத்தன்று களைத்த காலோடுதான் நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஓய்வு. செவ்வாய் 8 கிலோமீற்றர். அதில் கடைசி 2 கிலோமீற்றர் மட்டும் போட்டி வேகம். புதன் 6, வியாழன் 5, இரண்டும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில். வெள்ளி ஓய்வு. சனி காலை 2 கிலோமீற்றர் கால் உதறல், அவ்வளவுதான். இறக்கத்தில் வேகமாக ஓடுவதை இந்த வாரம் முழுவதும் விட்டுவிடுங்கள். இறங்கும்போதுதான் தொடைத் தசைகள் அதிகம் நைந்து போகின்றன. புதுச் சப்பாத்தையும் ஓட்டத்தன்று போட்டுப் பார்க்க வேண்டாம்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க மலையில் நிற்பதும் உடம்புக்குப் பயிற்சிதான். அதுக்கு மேலே விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம் என்று இந்த ஏழு நாளும் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். ஒரு நாள் பேர் போனால் வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். வேலை நிறுத்த முடியாவிட்டால், அன்றைய ஓட்டத்தை நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம்.

இனி வெயிலைப் பற்றி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவு. மட்டக்களப்பில் 27, 28 பாகை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் இன்னும் கொதிக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வாவிக்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்படிச் சொட்டுகிற வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வரை செல்லும். அவ்வளவு நாள் முன்னே போக நமக்கு வசதி இல்லை. ஆகவே வேகத்தைக் குறைப்பதுதான் வழி. மலையில் ஓடிய நேரத்தை வாவிக்கரையில் எதிர்பார்க்காதீர்கள். முதல் 10 கிலோமீற்றரை, "இவ்வளவு மெதுவாகவா?" என்று உங்களுக்கே தோன்றும் அளவில் ஓடுங்கள். நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பஸ் பயணமும் நீண்டது. முடிந்தால் இரண்டு நாள் முன்னே போய்ச் சேருங்கள். இடையிடையே இறங்கிக் காலை நீட்டி நடங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. குடிக்காமல் விட்டாலும் தவறு, வயிறு குலுங்கக் குடித்தாலும் தவறு. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு இரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. அதற்கு முக்கிய காரணம் அளவுக்கு மீறிக் குடித்ததுதான். தாகத்துக்குக் குடியுங்கள். வெறும் தண்ணீரோடு ஜீவனி கரைசலும் இடையிடையே நல்லது.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஓட்டத்துக்கு எரிபொருள் மாச்சத்து. நம்ம வீட்டுச் சோறு, ரொட்டி, மரவள்ளிக்கிழங்கு, வாழைப்பழம் போதும். கடைசி இரண்டு மூன்று நாள் இவற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத சாப்பாட்டைத் தொடாதீர்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது குறைக்கிறது. எப்போதும் மூச்சு வாங்கும், களைத்துப் போகும் பெண்பிள்ளைகள் ஓட்டத்துக்குப் பல வாரம் முன்பே இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் இரத்தம் ஊறாது.

ஓடும்போது தலை சுற்றினால், வாந்தி வந்தால், பேச்சுக் குழறினால், கால் தள்ளாடினால் உடனே நில்லுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் அப்படித் தள்ளாடினால் நீங்களும் நில்லுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவதும் வேண்டாம்; அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

"பாதியில் நின்றால், கடைசியாக வந்தால் வெட்கம்" என்று சிலர் சொல்வார்கள். 1964 ஒக்டோபர் 14ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக் 10,000 மீற்றர் ஓட்டத்தில் நமது நாட்டின் கருணானந்த ஓடினார். அவருடைய இலக்கம் 67. எல்லோரும் ஓடி முடித்த பிறகும் அவருக்குச் சுற்றுகள் மிச்சம் இருந்தன. முதலில் சிரித்த கூட்டம், அவர் தனியே ஓடி முடித்தபோது எழுந்து கைதட்டியது. ஜப்பான் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அவர் கதை இடம் பிடித்தது. தன் உடம்புக்கு ஏற்ற வேகத்தில் ஓடியவர் கடைசியாக வந்தாலும் மரியாதைக்குரியவர். உடம்பு முடியாது என்று சொல்லும்போது நிற்கிறவரும் அப்படியே.

பதக்கம் வந்தால் தோட்டமே கொண்டாடும். வராவிட்டாலும், திங்கட்கிழமை நீங்கள் நல்ல சுகத்தோடு லயத்துக்குத் திரும்பி வர வேண்டும். வழி பார்த்து உங்கள் அம்மா வாசலில் நிற்பார்.