காலையில் பூசும் கிறீம்
(பொரளைக் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த பிள்ளைகளே,

காலையில் முகம் கழுவியதும் நாம் விடும் பெரிய பிழை, விபரமில்லாத வெள்ளையாக்கும் கிறீமைப் பூசுவது. ஒரு கிழமையிலேயே முகம் வெளுத்தால் அதில் பாதரசமோ ஸ்டீரொய்ட் மருந்தோ இருக்கலாம். பாதரசம் தோலோடு நிற்காது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசிய கையால் தூக்கும் குழந்தைக்கும் போகும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் நிறுத்தச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. டப்பாவில் 'கலோமல்' என்றிருந்தால் அதுவும் பாதரசமே. தயாரித்தவர் முகவரி இல்லாததை வாங்க வேண்டாம்.

வகுப்பில் ஒரு பிள்ளையைக் 'கறுப்பி' என்றபோது நாமும் சிரித்திருக்கிறோம். கடைக்காரனுக்கு முன்னால் அந்தக் கிறீமை விற்றவர்கள் நாம்தான்.

நிறுத்தியதும் முகம் சிவந்து எரியலாம். பயந்து மறுபடி பூசாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போவோம். அங்கே காசு கேட்கமாட்டார்கள்.