8 முதல் 13 வரை: மகளிடம் முன்னாடியே பேசுங்க



முதல்ல என் கதையையே சொல்லிடறேன். அப்போ எனக்கு 10 வயசு. குளிக்கும்போது இடது மார்புக் காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. தொட்டால் வலி. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. புற்றுநோய்தான் என்று நானே முடிவு பண்ணிட்டேன். மூணு மாசம் யார்கிட்டயும் சொல்லல. ஒருநாள் அம்மாவே கவனிச்சுக் கேட்டப்போ அழுதுட்டேன். "அட, இதுக்கா இத்தனை நாள் பயந்துட்டு இருந்தே? எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதான்" என்றார். அந்த ஒரு வரியை முன்னாடியே கேட்டிருந்தா, அந்த மூணு மாசம் நிம்மதியா தூங்கியிருப்பேன்.

அது நோய்க் கட்டி இல்லை, மார்பு வளர்ச்சியின் தொடக்கம். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்ட, அங்கே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பெரும்பாலான பெண் குழந்தைகளுக்குப் பருவமடைதலின் முதல் அடையாளமே இந்த மார்பு மொட்டுதான். 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்புதான். ஒரு பக்கம் முதலிலும், மறுபக்கம் சில மாதம் கழித்தும் வரலாம். லேசான வலியும் இருக்கலாம். மாதவிடாய் பொதுவாக இதற்கு 2 முதல் 3 ஆண்டுகள் கழித்துதான் வரும். எனவே "வயசுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்" என்று காத்திருக்காதீங்க.

அழுத்திப் பார்ப்பது, பத்து போடுவது வேண்டாம். கட்டி என்று நினைத்து கீறி எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் மார்பு வளராமலே போகலாம். சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் அல்லது ரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போ முக்கியமான விஷயம். 8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினால், "நல்லா சாப்பிடறா, சீக்கிரம் வளர்றா" என்று விட்டுவிடக் கூடாது. பருவமடைதல் மிக முன்கூட்டியே தொடங்கினால், குழந்தை முதலில் மளமளவென்று உயரமாகும். ஆனால் எலும்பு வளர்ச்சியும் சீக்கிரமே நின்றுவிடுவதால், பெரியவளானதும் உயரம் குறைந்துபோகலாம். உயரத்தை அளந்து, இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். தேவைப்பட்டால் பருவமடைதலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க ஊசி மருந்து இருக்கிறது. எல்லாருக்கும் அது தேவைப்படாது. 3 வயதுக்குள் வரும் சிறு வீக்கம் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். 13 வயது முடிந்தும் வளர்ச்சி தொடங்கவில்லை என்றாலும் காட்டுங்கள்.

பிராய்லர் கோழிதான் காரணம் என்று பலர் சொல்வாங்க. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கூடுதல் உடல் எடைக்குத் தொடர்பு உண்டு.

பையன்களுக்கும் வளரிளம் பருவத்தில் மார்பு லேசாக வீங்குவது உண்டு. பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் குறைந்துவிடும். தயவுசெய்து கிண்டல் பண்ணாதீங்க.

சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம். நேரில் கேட்கக் கூச்சமா இருந்தா 104-க்கு போன் பண்ணுங்க.

உங்க வீட்டில் 8 வயதை நெருங்கும் மகள் இருக்கிறாளா? எங்க அம்மா சொன்ன அந்த ஒரு வரியை இன்னைக்கு ராத்திரியே அவகிட்ட சொல்லிடுங்க.